குவார்ட்டர்ஸ் எண்

சுரங்க நிறுவனக் குடியிருப்பிலுள்ள எங்கள் தொடக்கப் பள்ளியில் ஒரு காலத்தில் காலை வணக்கத்துக்கு நானூறு பிள்ளைகள் நிற்பார்கள். இந்த வருடம் பதினொன்று. ஜூன் முடிவதற்குள் இருபது பேரைக் காட்டாவிட்டால் பள்ளியை மூடுவதாக நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. தலைமையாசிரியை நான்தான். என் காலத்தில் பூட்டு விழக் கூடாது என்று எனக்கு வீம்பு.

ஒரு வாரம் பிளாக் பிளாக்காக நடந்தேன். ரிடையர் ஆனவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சொந்த ஊருக்கோ பிள்ளைகளிடமோ போய்விட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக வேலைக்கு வருபவர்களில் பாதிக்கு மேல் கான்ட்ராக்ட் ஆட்கள். அவர்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடையாது, குடியிருப்புக்கு வெளியே மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஆக, நான் தட்டிய கதவுகளில் பாதி திறக்கவேயில்லை.

ஏழு வருடமாக எங்கள் பள்ளியைப் பெருக்கும் அம்சவல்லியிடம் அலுத்துக்கொண்டேன். அவளும் கான்ட்ராக்ட்தான்.

"பூட்டுன வூட்டையே தட்டிகினு இருக்கீங்களே டீச்சர். எங்க தெருவுல மட்டும் முப்பது புள்ளைங்க வேன்ல அடைஞ்சிகினு தூரத்து ஸ்கூலுக்குப் போவுது."

ஏன் இங்கே சேர்க்கவில்லை என்று கேட்டேன். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். வேலைக்குச் சேர்ந்த வருடமே மகள் சத்யாவை என் மேசைக்கு அழைத்து வந்தாளாம். விண்ணப்பத்தின் முதல் வரி குவார்ட்டர்ஸ் எண். அவளிடம் எண் இல்லை. நிரப்பிக்கொண்டு வா என்று நான் திருப்பி அனுப்பினேனாம். அதைக் கேட்டபின் அவள் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை.

"நீங்க திட்டலிங்க. சிரிச்சிகினேதான் திருப்பிக் குடுத்தீங்க."

எனக்கு அது நினைவிலேயே இல்லை. அன்று சாயங்காலம் பழைய சுற்றறிக்கைகளை எல்லாம் புரட்டினேன். குவார்ட்டர்ஸ் இல்லாதவர் பிள்ளையைச் சேர்க்கக் கூடாது என்று எங்கும் இல்லை. எல்லோருக்கும் குவார்ட்டர்ஸ் இருந்த நாளில் அச்சடித்த வரி அது. நான்தான் அதைச் சட்டமாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் எல்லா விண்ணப்பத்திலும் அந்த வரியை ஸ்கேல் வைத்து அடித்தேன். அம்சவல்லி முன்னால் நடக்க, மந்தாரக்குப்பத்தில் வீடு வீடாக ஏறினோம். கான்ட்ராக்ட் பிள்ளைகளைச் சேர்ப்பார்களா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். கேட்டது என்னையல்ல, அவளை. சேர்ப்பாங்க என்று அவளே சொன்னாள். அவள் வாக்கை நம்பிப் பதினாலு பேர் வந்தார்கள். பள்ளி பிழைத்தது.

முதல் நாள் வகுப்பு நிறைந்ததும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். சத்யாவையும் அனுப்பு என்று வாய்வரை வந்துவிட்டது. அவள் இப்போது எட்டாம் வகுப்பு. எங்களிடம் ஐந்து வரைதான்.

அம்சவல்லி ஜன்னலோர இரண்டாவது பெஞ்சைக் காட்டினாள். அங்கே ஒரு புதுப்பெண் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

"எம் பொண்ணு அங்கதான் குந்தியிருப்பான்னு நெனச்சிகினேதான் டீச்சர், இத்தினி வருசமும் பெருக்கினேன்."

சொல்லிவிட்டு, பென்சில் சீவலைக் கூட்டி அள்ளப் போனாள்.