ரயிலேறிய கதாநாயகி

1.

இந்தக் கதை என்னுடையதில்லை. நாகலூரிலிருந்து ஏற்காடு வரும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி மேகலா சொன்னது. எஸ்டேட் மருந்தகத்தில் நர்ஸாக இருப்பவள். பஸ் நின்று எல்லோரும் இறங்கிப் போன பிறகும் நாங்கள் ஸ்டாண்டிலேயே நின்றோம். வீட்டுக்கு வந்து இப்படித் தொடங்கினேன்:

சேர்வராயன் மலைமீது பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த ஒரு

(அடித்துவிட்டேன். அது மே மாதம், நல்ல வெயில். மலைக்கதை என்றால் கை தானாகப் பனியை எழுதிவிடுகிறது.)

2.

காப்பி உலர்த்தும் களம் மே மாதத்தில் காலியாகக் கிடக்கும். அங்கே ஒரு ஞாயிறு மாலை பட்டிமன்றம் வைப்பதென்று எஸ்டேட் ஆட்கள் முடிவுசெய்தார்கள். தலைப்பு, சிறந்த படங்களையும் நடிகர்களையும் தந்த பத்தாண்டு எது. நடுவர், எஸ்டேட்டில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற ரைட்டர் மரியதாஸ். ஜீப் ஓட்டும் கருப்பண்ணன் அறுபதுகளைப் பிடித்துக்கொண்டார். கல்லூரியில் படிக்கும் ஆஷ்லின் இன்றைய படங்களை எடுத்துக்கொண்டாள். மிச்சமிருந்த எண்பதுகள் மேகலாவின் தலையில் விழுந்தன. எண்பதுகளில் அவள் பிறக்கவே இல்லை.

[நடிகர்களின் பெயரையோ படங்களின் பெயரையோ நான் எழுதப்போவதில்லை. ஒரு பெயரை எழுதினால் பாதிப்பேர் இந்தப் பக்கத்தோடு எழுந்து போய்விடுவீர்கள். உங்கள் ஆளை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.]

3.

எண்பதுகளைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் எஸ்டேட்டிலேயே குடியிருக்கும் அருக்காணியிடம் போ என்றார்கள். மேகலாவுக்கு அது விசித்திரமாக இருந்தது. அருக்காணிக்கு இருபத்தொரு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து பார்வை போய்விட்டது. ஆனால் சினிமா ஆசை போகவில்லை. கணவர் மாதையன் அவரை பஸ்ஸில் சேலத்துக்குக் கூட்டிப்போவார். கடைசி வரிசையில் உட்கார்ந்து, திரையில் நடப்பதையெல்லாம் காதோடு காதாகச் சொல்லிக்கொண்டே வருவார். அந்தப் பழக்கம் இன்றும் வீட்டு டிவி முன்னால் நடக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய படம் எதுங்க பெரியம்மா என்று மேகலா கேட்டாள். அருக்காணி யோசிக்கவே இல்லை. ஒரு ரயில்வே ஸ்டேஷனைச் சொன்னார். பிளாட்பாரம் முழுக்கப் பனி. வில்லன் சுடுகிறான். குண்டு தண்ணீர்த் தொட்டியில் பட்டுத் தெறிக்கிறது. கதாநாயகி ஓடும் ரயிலில் ஏறிவிடுகிறாள். ஏதோ ஒரு ஊரில் இறங்கிப் பூக்கடை வைக்கிறாள். ஏழு வருடம் கழித்துக் கதாநாயகன் பூ வாங்க வருகிறான். முகத்தைப் பார்க்காமல், முழம் போடும் கையைப் பார்த்தே அவள்தான் என்று கண்டுகொள்கிறான்.

கேட்டுக்கொண்டிருந்த மேகலா அப்போதே குறிப்பெடுத்துக்கொண்டாள். தன் கட்சி ஜெயித்துவிட்டது என்றே நினைத்தாள்.

4.

படத்தைப் போனில் தேடிப் பார்த்தாள். கதாநாயகி இருந்தாள், ஸ்டேஷனும் இருந்தது. ஆனால் பனி இல்லை. பொட்டல்காட்டு வெயில். குண்டு அவள் நெஞ்சில் பட்டது. கதாநாயகன் மடியில் கிடந்து இரண்டு நிமிடம் எடுத்துச் செத்துப்போனாள். அந்த நடிகை அதை அற்புதமாகச் செய்திருந்தாள். அதோடு படம் முடிந்தது. பூக்கடையே இல்லை. யாரோ வெட்டி ஏற்றியிருக்கிறார்கள் என்று நினைத்து இன்னொரு பிரதியையும் பார்த்தாள். அதிலும் அப்படித்தான்.

மறுநாள், சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி கட்டிக்கொண்டிருந்த மாதையனிடம் போனாள். அவர் மறைக்கவில்லை. ஏணியிலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்தார்.

“கண்ணு போயி ரெண்டாவது வருசம் அது. அவ நொம்ப ஒடிஞ்சு கெடந்தா. செத்துப்போறேன், செத்துப்போறேன்னே சொல்லிட்டிருந்தா. அந்நேரத்துல இந்தப் பொண்ணும் செத்துட்டான்னு எப்பிடிக் கண்ணு சொல்றது? வாய்க்கு வந்ததச் சொல்லிப்போட்டேன். பூக்கடையெல்லாம் திரும்பி வரயில பஸ்ஸுல சொன்னது.”

அதற்குப் பிறகு அவர் சொன்ன எந்தப் படத்திலும் யாரும் சாகவில்லை. துப்பாக்கிச் சத்தத்துக்குப் பட்டாசு, ஒப்பாரிக்குப் பக்கத்து வீட்டுச் சண்டை என்று ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு காரணம் கண்டுபிடித்தார். படம் ஓடும் வேகத்துக்கு ஈடுகொடுத்து இன்னொரு படத்தைக் கட்டினார். முப்பத்தேழு வருடமாக.

“மேடையில மட்டும் சொல்லிப்போடாத சாமி,” என்றார்.

[இந்த இடத்தில் இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். நான் இதுவரை என் கதைகளில் பதினோரு பேரைச் சாகடித்திருக்கிறேன். அவர்களில் நான்கு பேரை, வேறு முடிவு தோன்றவில்லை என்ற ஒரே காரணத்துக்காக.]

5.

மேகலா அந்தப் படத்தைத் தன் குறிப்பிலிருந்து எடுத்துவிட்டாள். ஆனால் பட்டிமன்றத்தன்று கருப்பண்ணன் அதை எடுத்தார். அவருக்கு எதுவும் தெரியாது. எண்பதுகளில் கதாநாயகியைக் கொன்றுதான் கைதட்டல் வாங்கினார்கள் என்று சாடிவிட்டு, அந்த ஸ்டேஷன் காட்சியையே சாட்சிக்கு இழுத்தார்.

முன்வரிசையிலிருந்து அருக்காணி எழுந்தார்.

“அந்தப் பொண்ணு சாகலீங்க. எங்க ஊட்டுக்காரரு பாத்துச் சொன்னாருங்க.”

சிலர் சிரித்தார்கள். படத்தைப் பார்த்த பெரியவர்கள் சிரிக்கவில்லை. மாதையன் தலையைக் குனிந்துகொண்டார். மரியதாஸ் நடுவர் முறைப்படி மேகலாவிடம் திரும்பி, எண்பதுகள் உன் கட்சி, நீயே சொல்லம்மா, செத்தாளா இல்லையா என்று கேட்டார்.

செத்தாள் என்றால் ஒரு வீடு இடியும். சாகவில்லை என்றால் களம் முழுக்கச் சிரிக்கும், அந்தச் சிரிப்பும் அதே வீட்டின்மேல்தான் விழும். மேகலா மேடையிலிருந்து இறங்கினாள். மைக்கை மாதையன் கையில் கொடுத்தாள்.

“நான் பாதிதானுங்க பார்த்தேன். மிச்சத்த இவர் சொல்லட்டும்.”

மாதையன் எழுந்தார். முதல் இரண்டு வாக்கியம் திக்கியது. பிறகு மனைவியின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவ்வளவுதான், குரல் இறங்கி நிதானமானது. ரயிலின் கடைசிப் பெட்டி பனிக்குள் போவதை அவர் சொன்னபோது இருநூறு பேர் இருந்த களத்தில் ஒரு குழந்தைகூடச் சிணுங்கவில்லை. பூக்கடையில் மல்லிகையை முழம் போட்ட அந்தக் கையைச் சொன்னார். ஆஷ்லின் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மேகலாவுக்குப் படம் தெரியும். ஒவ்வொரு ஃப்ரேமும் தெரியும். அப்படியிருந்தும் அவள் பார்த்த படம் அழிந்து, இந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் உட்கார்ந்ததும் கருப்பண்ணன் மைக்கை வாங்கினார்.

“நான் வேற படத்தச் சொல்லிப்போட்டனுங்க,” என்றார். அறுபதுகளுக்காக ஒரு வாரம் தொண்டை கட்டக் கத்தியவர் அவர்.

6.

தீர்ப்பு சொல்லப்படவில்லை. மரியதாஸ் எழுந்து நின்றார், கண்ணாடியைத் துடைத்தார், வணக்கம் சொல்லி முடித்துவிட்டார். எந்தப் பத்தாண்டு என்பதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் கதைக்கு முடிவு வேண்டுமே. நான் ஒன்று எழுதினேன்: அருக்காணி கணவரின் கையைப் பிடித்து, எனக்கு அன்றைக்கே தெரியும் என்று

(மேகலாவிடம் போனில் படித்துக்காட்டினேன். அப்படியெல்லாம் அவர் சொல்லவில்லை என்றாள்.)

இன்னொன்று எழுதினேன். அதில் அவருக்குக் கடைசிவரை எதுவும் தெரியாது. படித்துப் பார்த்தபோது அவரை நான் ஏமாற்றுவது போலிருந்தது. கிழித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். கூட்டம் கலைந்ததும் மேகலா அருக்காணியின் கையைப் பிடித்துப் பாதை இறங்கினாள். மாதையன் நான்கு எட்டு முன்னால் போய்க்கொண்டிருந்தார். கொஞ்ச தூரம் போனதும் அருக்காணி மெதுவாகச் சொன்னார்.

“ரயிலேறும்போது அவ கட்டியிருந்த சேல, அன்னிக்குப் பச்சைன்னாரு கண்ணு. இன்னிக்கு மஞ்சளுங்கறாரு. ரெண்டும் இருக்கட்டும்.”

நான்கு எட்டு முன்னால் போனவருக்கு இது கேட்டதா என்று மேகலாவிடம் கேட்டேன். அவர் ஒரு கணம் நின்றார் என்றாள். செருப்பில் கல் ஏறியிருந்தாலும் அப்படித்தான் நிற்பார் என்றாள். நான் இரண்டையும் எழுதிப் பார்த்தேன். எதை அடிப்பதென்று தெரியவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டேன். அவர் ஏன் நின்றார் என்பதை இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும்.