முப்பத்தாறு நிமிடம்

நாற்பத்தேழு வயதில் மறுபடியும் மாணவியானேன். ஆங்கிலத்தில் எம்.ஏ. ஏற்கெனவே கையில் இருந்தது. இப்போது சேர்ந்தது ஆங்கிலம் கற்பித்தலில் இரண்டாவது முதுகலை. வேலை பார்ப்பதோ வெளிநாட்டில், அதனால் பாடமெல்லாம் கணினித் திரையில். கடைசியில் ஓர் ஆய்வேடு கொடுத்துவிட்டால் பட்டம். கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் என் மகளுக்கும் அதே சமயத்தில்தான் பட்டம். யார் முதலில் வாங்குவது என்று எங்களுக்குள் பந்தயம். தோற்றவர் ஒரு வருடத்துக்கு வீட்டுத் துணி முழுவதற்கும் இஸ்திரி போட வேண்டும். எனக்கு ஒரு வாரம் முன்னதாகவே தேதி குறித்திருந்ததால் நான் ரொம்பத் தெம்பாக இருந்தேன். ஊரிலிருக்கும் அக்காவிடம் சொன்னேன், அவள் விழாவுக்குக் கட்டிக்கொள்ளப் புடவையே எடுத்துவிட்டாள்.

நான் வேலை பார்க்கும் நிலையத்தில் மாணவர்கள் எல்லோரும் பெரியவர்கள். வேலை முடிந்து மாலை நாலு மணிக்கு வருவார்கள். ஒரு தையல்காரி, இரண்டு லாரி ஓட்டுநர்கள், முடி வெட்டுகிறவர், பல் டாக்டரின் உதவியாளர் என்று பன்னிரண்டு பேர். அவர்களை வைத்துத்தான் என் ஆய்வு. பேசத் தயங்குகிறவர்களைப் பேசவைப்பது எப்படி என்பது தலைப்பு. பேச்சு என்றால் எனக்குச் சொல்லவா வேண்டும்? வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று வளர்க்கப்பட்டவள் நான். என் வகுப்பில் சுவர்கூடப் பேசும் என்று மேலாளரிடமே பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஆய்வுக்காக ஒரு முழு வகுப்பை, முக்கால் மணி நேரத்தை, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிப் பதிவு செய்தேன். அறையில் ஒழுங்காக வேலை செய்யும் பிளக் ஒன்றே ஒன்றுதான், அது கடைசி மேசைக்குப் பக்கத்தில். போனை அங்கே சொருகி வைத்தேன்.

அந்த மேசை ரொட்டிக் கடைக்காரருடையது. ஐம்பத்தைந்து வயது இருக்கும். விடியும் முன்பே அடுப்படியில் நின்றுவிட்டு, சட்டைக் கையில் மாவோடு வந்து உட்காருவார். எட்டு மாதத்தில் வரும்போது ஒரு வணக்கம், போகும்போது ஒரு வணக்கம், அவ்வளவுதான். ஆய்வேட்டில் யார் பெயரும் வரக்கூடாது, எண்தான். அவர் ஏழு. 'ஏழு: வகுப்பில் பங்கெடுப்பதில்லை. ஆர்வம் குறைவு' என்று குறிப்பு எழுதி வைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் பதிவைக் கேட்க உட்கார்ந்தோம். உட்கார்ந்தோம் என்றால் நானும் என் கணவரும். அவர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க. ஒரு நாளில் அவர் பேசுவது பெரும்பாலும் இந்த மூன்று சொல்தான், மீதியை வீட்டில் நான் பேசிக்கொள்கிறேன். ஒரு தாளில் மூன்று கட்டம் கிழித்தார்: ஆசிரியர், மாணவர், மௌனம். கையில் நிறுத்துகடிகாரம்.

பதிவில் பத்து நிமிடத்தை மட்டும் ஆய்வேட்டில் எடுத்து எழுதினால் போதும் என்பது விதி. எந்தப் பத்து நிமிடம் என்பது நம் இஷ்டம். ஆனால் அவருக்கு எதையும் பாதியிலிருந்து ஆரம்பித்துப் பழக்கமில்லை. முழுவதையும் ஓடவிட்டார். முடிந்ததும் தாளை என் பக்கம் தள்ளினார்.

"முப்பத்தாறு நிமிஷம் நீ. அஞ்சு நிமிஷம் அவங்க பன்னெண்டு பேரும் சேர்ந்து. மீதி நாற்காலி சத்தம்."

"கடிகாரத்துல ஏதோ கோளாறு."

"கடிகாரம் நல்லாத்தான் இருக்கு. இதை நான் இருபது வருஷமா சொல்லிட்டிருக்கேன், இன்னைக்குத்தான் ஆதாரம் கிடைச்சிருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. திருப்பிக் கொடுக்க நல்ல பதிலாகத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நெற்றியைச் சுருக்கினார்.

"உன் கேள்விக்கு அப்புறம் யாரோ முணுமுணுக்கிறாங்க, கேளு."

கேட்டேன். நான் ஒரு கேள்வி கேட்கிறேன். உடனே போனுக்கு மிக அருகில், தாழ்ந்த குரலில், ஒரு பதில். அதன் மேலேயே என் குரல் ஏறி அதே பதிலைக் கணீரென்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறது. மறுபடி கேள்வி, மறுபடி முணுமுணுப்பு, மறுபடி நான். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தோம். மொத்தம் பத்தொன்பது கேள்விகள். பதினாலுக்கு அந்த ரொட்டிக் கடைக்காரர் பதில் சொல்லியிருந்தார், அதில் பன்னிரண்டு சரி. கேள்வி கேட்டுவிட்டு நான் காத்திருந்த நேரம் சராசரியாக ஒன்றரை விநாடி.

"எலும்பை எக்ஸ்ரே எடுக்கறதுக்கே நான் இதைவிட அதிக நேரம் கொடுக்கறேன்" என்றார் கணவர். கேலியாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

எழுந்து போய்க் கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினேன். கோபம் முதலில் ரொட்டிக் கடைக்காரர் மேல் வந்தது. வாயைத் திறந்து சத்தமாகச் சொன்னால் என்னவாம்? இரண்டாவது தட்டு கழுவும்போது அந்தக் கோபம் நிலைக்கவில்லை. மூன்றாவது தட்டில் எனக்கு வெட்கமாக இருந்தது. எட்டு மாதமாக ஒரு மனிதர் நாளுக்குப் பதினாலு பதில் சொல்லியிருக்கிறார், நான் அவருக்கு ஆர்வமில்லை என்று எழுதி வைத்திருக்கிறேன்.

மகள் தூங்கி எழுந்து வந்தாள். அப்பா காட்டிய தாளைப் படித்துவிட்டு, "நுணலும் தன் வாயால் கெடும்" என்றாள், பல்கூடத் தேய்க்காமல்.

"இருபத்தெட்டாவது நிமிஷத்துலேர்ந்து ஜோடி ஜோடியாப் பேசவிட்டிருக்கே, பாரு. அவங்க பேசினதுல முக்கால்வாசி அந்தப் பத்து நிமிஷத்துலதான், கேட்கக் கலகலப்பா இருக்கு" என்றார் கணவர். "அதை எடுத்துக்கோ. விதிப்படி சரிதானே?"

"பட்டமும் உனக்கு, பந்தயமும் உனக்கும்மா" என்றாள் மகள். "நான் வாயே திறக்க மாட்டேன்."

உண்மைதான், யாருக்கும் தெரியப்போவதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துத் தட்டைத் தேர்வாளர்களிடம் நீட்டிவிடலாம். அவர்கள் என் வகுப்பைப் பார்க்கப் போகிறார்களா என்ன? ஆனால் பேசவைப்பது எப்படி என்று நூறு பக்கம் எழுதி, பேசுகிறவரை மூடி வைத்ததற்குப் பட்டம் வாங்கினால், திங்கட்கிழமை நாலு மணிக்கு அந்த மாவுச் சட்டைக்காரரின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? குறிப்பேட்டை எடுத்து ஏழுக்கு எதிரே இருந்ததை அடித்தேன். 'ஏழு: பெரும்பாலான கேள்விக்குப் பதில் சொல்கிறார். கேட்கத்தான் ஆள் இல்லை' என்று எழுதினேன்.

திங்கள் காலை என் ஆய்வு வழிகாட்டியைத் திரையில் பிடித்தேன். எல்லாவற்றையும் கொட்டினேன். முப்பத்தாறு நிமிடத்தையும் சொன்னேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆய்வை மாற்றிக்கொள்ளலாம், ஆறு வாரம் புதிதாக வகுப்பெடுத்துப் பதிவு செய்ய வேண்டும், பட்டம் அடுத்த பேட்சோடுதான், அதாவது ஆறு மாதம் தள்ளிப்போகும் என்றார். பிறகு என் பதிலுக்காகப் பேசாமல் இருந்தார். எவ்வளவு நேரம் இருக்கிறார் என்று நான் எண்ணினேன். ஒன்பது விநாடி. சரி என்றேன்.

அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். "புடவை ஆறு மாசத்துல கெட்டா போகும்? பீரோவுல தூங்கட்டும்" என்றாள்.

வகுப்பில் எனக்கு நானே வைத்துக்கொண்ட சட்டம் ஒன்றுதான்: கேள்வி கேட்டதும் மனசுக்குள் எட்டு வரை எண்ணுவது. எட்டு விநாடி எவ்வளவு நீளம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. மூன்றிலேயே நாக்கு துறுதுறுக்கும். முதல் நாள் தையல்காரி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தொண்டை கட்டியிருக்கிறதா என்று ஓட்டுநர்களில் ஒருவர் விசாரித்தார். இரண்டாவது வாரம் அவர்களுக்குப் புரிந்துவிட்டது, இவள் சொல்லப்போவதில்லை என்று. ஒருவர் ஆரம்பித்தால் இன்னொருவர் மறுத்தார். முடி வெட்டுகிறவர் சொன்ன ஒரு நகைச்சுவை எனக்கே புரியவில்லை, அவர்களுக்கெல்லாம் புரிந்து சிரித்தார்கள். ரொட்டிக் கடைக்காரரின் முணுமுணுப்பு மூன்றாவது வாரம் முன் மேசைவரை வந்தது.

ஆறாவது வாரம், கடைசிப் பதிவு. இந்த வகுப்புக்கு ஏன் வந்தீர்கள் என்று எல்லோரையும் கேட்டேன். முதல் நாளே கேட்ட கேள்விதான். அன்று அவரிடம் 'கடைக்கு வருகிறவர்களோடு பேசத்தானே?' என்று நானே பதிலையும் கொடுத்தேன், அவரும் தலையாட்டினார். இன்று எண்ண ஆரம்பித்தேன். ஏழு வந்தபோது அவர் எழுந்து நின்றார். அவருடைய ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னால் இப்படி:

"கடையில் நான் தனி. இயந்திரம் மட்டும் சத்தம் போடும். வீட்டிலும் தனி. இங்கே நீங்கள் முக்கால் மணி நேரம் நிறுத்தாமல் பேசினீர்கள். எனக்கு அது மிகவும் பிடித்தது. அதைக் கேட்கத்தான் வந்தேன்."

சட்டைக் கை மாவைத் தட்டிவிட்டு மேலும் சொன்னார்.

"இப்போது நீங்கள் பேசுவதில்லை. அதனால் நான் பேச வேண்டியிருக்கிறது."

வகுப்பு முழுவதும் சிரித்தது. அவரும் சிரித்தார். அவருடைய பற்களை அன்றுதான் பார்த்தேன்.

அந்த வார இறுதியில் மறுபடி சாப்பாட்டு மேசை, அதே மூன்று கட்டம். ஆசிரியர் பதினாலு நிமிடம், மாணவர்கள் இருபத்திரண்டு. கணவர் கடைசிப் பகுதிக்கு வந்து நிறுத்தினார்.

"இங்க சிரிப்பு அடங்கினப்புறம் பதினோரு விநாடி சத்தமே இல்லை. யாரு பேசலை, அவரா?"

"அவர் சொல்லி முடிச்சுட்டார். பேசாதது நான்."

"நீயா?"

"எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தப் பதினோரு விநாடியை முதலிலிருந்து இன்னொரு முறை போட்டார். அடுத்த நாள் மகளுக்குப் பட்டமளிப்பு விழா, அவளுடைய அங்கிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே நானும் கேட்டேன்.