ஒற்றைத் துளை

எஃபி நிக்கல் ஒற்றைத் துளை பிரைடி ஒன்று கேட்டதும் கடைக்காரி இடுக்கியை அந்தரத்தில் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். பார்க்கத்தான் செய்வாள். இறைச்சியை மாவில் வைத்து அரைவட்டமாக மடித்துச் சுடும் பிரைடிக்கு மேலே ஒரு துளை இருந்தால் உள்ளே வெறும் கறி, இரண்டு இருந்தால் வெங்காயமும் உண்டு. போர்ஃபர் ஊரில் இதை யாரும் எழுதி ஒட்டுவதில்லை, பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். எஃபி பிறந்ததிலிருந்து இரட்டைத் துளைக்காரி என்பதும் அதே அளவுக்கு ஊரறிந்த விஷயம். ஒற்றைத் துளையை ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்று கேலி செய்கிறவள் அவள். வாட்டிக்கு வயிறு சரியில்லை என்று புருஷன் தலையில் பழியைப் போட்டுவிட்டு, சூடான பொட்டலத்தைக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். யாருக்காக வாங்கினோம் என்று தன்னிடமே கேட்டுக்கொள்ள அவளுக்கு விருப்பமில்லை. சாயங்காலம் டீயோடு நானே தின்றுவிட்டுப் போகிறேன், அதற்கென்ன இப்போது, என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று மதியம் ரோனா லிண்ட்சே வருகிறாள். ஸ்காட்லாந்தின் முதல் அமைச்சர், கட்சித் தலைவர், பக்கத்து ஊர்ப் பெண். இன்னும் எத்தனை நாளைக்குத் தலைவர் என்பதுதான் பேச்சு. லண்டனை மசியவைத்துச் சுதந்திரத்துக்கு இன்னொரு வாக்கெடுப்பு வாங்கித் தருகிறேன் என்று சொன்னாள், வாங்க முடியவில்லை. இரண்டு இடைத்தேர்தலில் கட்சி மண்ணைக் கவ்வியது. கூட இருந்தவர்களே நேரம் பார்த்துக் காலை வாருகிறார்கள். அடுத்த வாரம் மாநாட்டில் அவள் இருப்பதா போவதா என்று ஓட்டு, கட்சிக் கிளைக்கு ஒன்று. அதற்குள் கிளை கிளையாக ஏறி இறங்கிக் கை கேட்டுக்கொண்டிருக்கிறாள். போர்ஃபர் கிளைக்குத் தலைவி எஃபி. அவளுக்கு இதில் ஒரு சந்தேகமும் இல்லை. ரோனா போனால் அந்த இடத்துக்கு வரப்போகிறவன் 'தக்க சமயம்' என்று சொல்லிச் சொல்லியே சுதந்திரத்தைத் தூங்கவைத்துவிடுவான். ரோனா இருக்க வேண்டும். புத்திக்கு இது தெளிவாகத் தெரிந்தது. வயிற்றெரிச்சல் புத்தியின் பேச்சைக் கேட்கிற ஜாதியில்லை.

மூன்று வாரத்துக்கு முன் டீவியில் பேட்டி. வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்க உங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டான் பேட்டிக்காரன். எஃபி டீக்கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். ரோனா சிரித்தாள். போர்ஃபரில் இசபெல் கத்ரி என்று ஒருவர், எனக்கு எல்லாமே அவர்தான், என்றாள். வாட்டி திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தான், வாயைத் திறக்கவில்லை. முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவன் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

இசபெல்! அவளிடம் இருந்தது ஒரு கார். தெருமுனையில் இவர்களை இறக்கிவிட்டு, சூடு பரவ கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தவள். கல்லூரி முடித்து வெடவெடவென்று நின்ற ரோனாவை மழையில் வாசல் வாசலாகக் கூட்டிப்போனது எஃபி. கேட்டில் சாயாதே, முதலில் நாயின் பெயரைக் கேள், திட்டினால் நன்றி சொல்லிவிட்டு வா, குளிருக்கு எதைத் தின்னக் கொடுத்தாலும் மறுக்காதே, எல்லாம் சொல்லிக்கொடுத்தது எஃபி. முதல் நாளே ஒரு கிழவர் வெங்காயம் போட்ட பிரைடியைக் கொடுத்தார். ரோனா முழுசாகத் தின்றாள், கால் மணி நேரத்தில் பக்கத்து வீட்டு ரோஜாச் செடியில் கொட்டித் தீர்த்தாள். வெங்காயம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாதாம். வாயைத் தன் கழுத்துத் துணியால் துடைத்துவிட்டதும் எஃபி. வெளியே சொல்லிடாதீங்க, சிரிப்பாங்க, என்று அந்தப் பெண் கெஞ்சியதால் இன்றுவரை யாரிடமும் மூச்சு விட்டதில்லை. காரில் ரேடியோ கேட்டவளுக்கு இது எங்கே தெரியும்?

தெரியவில்லைதான். வியாழக்கிழமை இசபெல் போன் செய்தாள். முதலமைச்சர் அலுவலகம் தன்னைத்தான் கூப்பிட்டது, ரோனா முதலில் தன் வீட்டுக்குத்தான் வருகிறாள் என்று இழுத்து இழுத்துச் சொன்னாள். பிறகு, போகிறபோக்கில் கேட்டாள்.

"கூட்டத்துக்கு பிரைடி சொல்லப்போறேன். ரெட்டைத் துளைதான் ருசி. அவளுக்கு வெங்காயம் ஒத்துக்கும்ல?"

"அவளுக்கென்ன, கல்லக் குடுத்தாலும் தின்பா," என்றாள் எஃபி.

திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். வெள்ளிக்கிழமை முழுக்க போன் அங்கேயேதான் இருந்தது.

மண்டபத்தில் நீலக்கொடி கட்டி நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். ரோனா உள்ளே வந்தபோது எஃபிக்கு ஒரு கணம் நெஞ்சு இளகியது. மெலிந்திருந்தாள். டீவியில் தெரியாத கருவளையம் கண்ணுக்குக் கீழே கிடந்தது. ஆனால் அவள் இசபெல்லின் தோளைச் சுற்றிய கையை எடுக்காமலே எஃபிக்கு மற்றக் கையை நீட்டினாள். எஃபி, நல்லாருக்கீங்களா, என்று தெருவில் பார்க்கிறவர்களைக் கேட்பதுபோல் கேட்டாள். இளகியது அப்படியே இறுகிப்போனது.

இசபெல் அட்டைப்பெட்டியைத் திறந்தாள். வரிசை வரிசையாக இரட்டைத் துளை. அவளே ஒன்றை எடுத்துத் தாளில் வைத்து நீட்டினாள். ரோனா அந்தத் துளைகளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு எஃபியைப் பார்த்தாள். எஃபி கொடியைப் பார்த்தாள். கோட்டுப் பைக்குள் பொட்டலம் இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. இந்தா கண்ணு, உனக்கு இது, என்று எடுத்து நீட்ட எவ்வளவு நேரமாகும்? எல்லோர் முன்னாலும் தெரிந்திருக்கும், அவளுடைய வயிறு யாருக்குத் தெரியும் என்று. ஆனால் கை பைக்குள்ளேயே கிடந்தது. உன் இசபெல் கொடுத்தாள், நீயே தின், என்று மனசு சொல்லிற்று. ரோனா ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்காமல் தின்றாள். பிரமாதம் என்றாள். இசபெல்லுக்கு முகமெல்லாம் பல்.

ரோனா பேச்சை நன்றாகத்தான் ஆரம்பித்தாள். சிரிக்கவைத்தாள், தோல்வியைத் தானே ஒப்புக்கொண்டாள். பின்வரிசையில் கை கட்டி உட்கார்ந்திருந்தவர்கள்கூட மெல்லக் கையை அவிழ்த்தார்கள். பிறகு நெற்றி பளபளத்தது. தண்ணீர் குடித்தாள். சொன்னதையே திரும்பச் சொன்னாள். லண்டனுக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள் என்று ஒருவர் எழுந்து கேட்டபோது மேசையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள். மன்னிக்கணும் என்று சொல்லிவிட்டு வேகமாகச் சமையலறைப் பக்கம் போனாள். முடிஞ்சுது இவ கதை, ஒரு கேள்விக்கே ஓடறா, என்று யாரோ சொன்னது எஃபியின் காதில் விழுந்தது. மூன்று வாரமாக அவள் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. கேட்டதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

அவள் உள்ளே போனபோது ரோனா குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அங்கே ரோஜாச் செடி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் எஃபி.

"எதைக் குடுத்தாலும் மறுக்காதேன்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க." ரோனா தாளால் முகத்தை ஒற்றியபடி சிரிக்கப் பார்த்தாள். "மத்ததெல்லாம் மறந்துபோச்சு. அது மட்டும் போகமாட்டேங்குது."

எஃபி ஏங்கிய வார்த்தை வந்துவிட்டது. குழாய்ச் சத்தத்தில், இரண்டு கெட்டிலும் ஒரு துடைப்பமும் கேட்க. இதை அங்கே போய்ச் சொல்லேன், இசபெல் முன்னால் ஒரு தடவை சொல்லேன், என்று கத்த வேண்டும்போல் இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

"பொய் சொல்லாமச் சொல்லுங்க எஃபி. நான் இருக்கணுமா, போகணுமா?"

"கை தூக்கறப்பப் பாரு," என்றாள் எஃபி. அதற்குமேல் நின்றால் அழுகை வந்துவிடும் என்று திரும்பி நடந்தாள்.

ஓட்டெடுப்பு நடக்கும்போது சம்பந்தப்பட்டவர் உள்ளே இருக்கக் கூடாது. ரோனா வெளியே காரில் போய் உட்கார்ந்தாள். கிளைச் செயலாளரான இசபெல், ரோனா நீடிக்கலாம் என்கிற கைகளை எண்ணினாள், வேண்டாம் என்கிற கைகளை எண்ணினாள், நம்பாமல் இன்னொரு முறை எண்ணினாள். இரண்டும் சமம். காலையில் எண்ணியிருந்தால் இப்படி வந்திருக்காது என்பது அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். ஏன் என்பது ஒருத்திக்குத்தான் தெரியும். சமமானால் தலைவியின் கை முடிவு செய்யும்.

"எஃபி, உன் கைதான். நீடிக்கலாமா, வேணாமா?"

எஃபியின் கை பைக்குள் பொட்டலத்தை இறுகப் பிடித்தபடி இருந்தது. வெளியே இழுத்தாள். கொழுப்பில் ஊறிய தாள் கிழிந்து கையோடு வந்தது, உள்ளிருந்தது வழுக்கி மேசைமேல் விழுந்தது. மேலே ஒரே ஒரு துளை. அந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

"நீ ஒத்தத் துளை தின்னமாட்டியே," என்றாள் இசபெல். அவள் முகம் மேசையிலிருந்து காலிப்பெட்டிக்கும், அங்கிருந்து சமையலறைக் கதவுக்கும் போய்த் திரும்பியது. குரல் இறங்கியது. "வியாழக்கிழமை உன்கிட்டக் கேட்டனேடி."

எஃபி ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே கார்க் கண்ணாடி மூச்சில் மங்கியிருந்தது. உள்ளே ஒரு கை அதைத் துடைத்து, மண்டபத்தைப் பார்க்க வட்டமாகக் கொஞ்சம் இடம் பண்ணிக்கொண்டிருந்தது. இருக்கட்டும் என்று சொல்லி எஃபி கையைத் தூக்கினாள். கொழுப்பு மணிக்கட்டு வழியாக வழிந்து சட்டைக்குள் இறங்கியது. அந்தக் கையை எண்ண வேண்டிய இசபெல், மேசைமேல் இருந்த அந்த ஒற்றைத் துளையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.