டோக்கன் நம்பர் ஒன்று

பிறப்பு இறப்புச் சான்றிதழ் கவுண்ட்டரில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருப்பவளுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் ஷட்டரம்மா. மணி ஐந்தானால் ஷட்டர் இறங்கிவிடும். எதிரே இருப்பவர் கால் கடுக்க நின்றவரா, கண் கலங்கி நிற்பவரா என்ற பேச்சே கிடையாது. பக்கவாட்டுக் கதவு வழியாக நுழைந்து "மேடம், ஒரே ஒரு கையெழுத்து" என்று குழைபவர்களை அவள் பார்க்கிற பார்வையில், வந்தவர் வந்த வழியே போய்விடுவார். செத்தவரே நேரில் வந்து கேட்டாலும் டோக்கன் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

அப்பேர்ப்பட்டவளின் கண் இமையை ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஒரு விரல் தூக்கிப் பார்த்தது.

"அம்மா, முழிச்சிருக்கியா?"

ஆறு வயது மகள். வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பெயர். வாயை ஆவென்று திறந்து, கீழ்வரிசை முன்பல்லை நாக்கால் தள்ளிக் காட்டினாள். அவள் வாழ்க்கையிலேயே முதன்முதலாக ஆடும் பல். புதன்கிழமையிலிருந்து ஆடுகிறது. எடுத்துவிட வந்த அப்பாவிடம் வாயை இறுக்க மூடிக்கொண்டாள். அம்மாதான் எடுக்க வேண்டும். அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஒழியும். அதற்காக நாலு நாளாக ஒரு பக்கமாகவே மென்று அந்தப் பல்லைக் காப்பாற்றி வைத்திருக்கிறாள்.

"பாக்கறேன்டி. போய் டோக்கன் எடு" என்று ஷட்டரம்மா புரண்டு படுத்தாள். தூக்கக் கலக்கத்தில் வாய்க்கு வந்தது அதுதான்.

வாண்டு போனாள். பழைய நாட்காட்டித் தாளைச் சதுரமாகக் கிழித்து, பென்சிலால் 1 என்று எழுதி, கூடத்து சோபாவின் நுனியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டில் பக்கவாட்டுக் கதவுக்கா பஞ்சம்? முதலில் வந்தவர் வீட்டுக்காரர், பேருந்து ஓட்டுநர். எந்தச் சாலையில் எத்தனை பள்ளம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். தன் இன்னொரு காலுறை எங்கே என்று மட்டும் சொல்லத் தெரியாது. ஷட்டரம்மா கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து அதை எடுத்துக் கொடுத்தாள். பதினான்கு வயதுப் பெரியவனுக்குப் பத்து மணிக்கு ஞானோதயம்: திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு எரிமலை மாதிரி ஒன்று செய்து கொண்டுபோக வேண்டுமாம். மூன்று வாரத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்களாம். அட்டையைத் தேடி அவள் பரண் ஏறிய நேரத்தில், துணி துவைக்கும் மெஷின் தன் பங்குக்குத் தண்ணீரையெல்லாம் கூடத்துக்கு அனுப்பியது. துடைத்து நிமிர்ந்தால் நாத்தனாரின் போன். "சரி அண்ணி, வெச்சிடறேன்" என்று நாத்தனார் ஏழு முறை சொல்லி, ஐம்பது நிமிடம் வைக்காமல் பேசினாள்.

சோபாவைக் கடக்கும்போதெல்லாம் ஒரு சதுரத் தாள் உயர்ந்தது.

"அம்மா, நம்பர் ஒன்னு."

"இதோ வந்துட்டேன்டி. ரெண்டே நிமிஷம்."

மதியம் வாண்டு வாழைப்பழத்தைப் பிசைந்து விழுங்கினாள். கடித்தால் பல் போய்விடும் என்ற பயம். மூன்று மணிக்கு அப்பாவுக்கே மனசு கேட்கவில்லை.

"நான் எடுத்து விடட்டுமாடா?"

"இது அம்மா கவுண்ட்டர் டோக்கன்" என்று தாளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

ஒருவழியாக ஷட்டரம்மா டீ டம்ளரோடு நாற்காலியில் சாய்ந்தாள். அப்போதுதான் சோபா நுனியில் இருந்த உருவம் கண்ணில் பட்டது. காலையிலிருந்து அதே இடம், அதே தாள், வியர்வையில் ஓரம் சுருண்டிருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, அலுவலகக் குரலில் கூப்பிட்டாள்.

"டோக்கன் நம்பர் ஒன்னு!"

வாண்டு எழுந்து வந்தாள். வந்தவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அம்மா எப்போது வருவாள் என்று தினமும் நச்சரித்ததால், அவளுக்குக் கடிகாரத்தில் ஐந்து மணியை மட்டும் கற்றுக் கொடுத்திருந்தார்கள்.

"அஞ்சாயிடுச்சு. கவுண்ட்டர் மூடியாச்சு."

"அஞ்சு நிமிஷம்தானேடி ஆச்சு?"

"நாளைக்கு வாங்க."

அந்த 'வாங்க'வும், உதட்டை மடித்த விதமும் அப்படியே அவளுடையவை. அச்சு அசல். செய்தித்தாளுக்குப் பின்னால் வீட்டுக்காரருக்குப் புரையேறியது.

"மேடம், ரொம்ப தூரத்துலேருந்து வர்றேன் மேடம்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"ஒரே ஒரு பல்லு, மேடம்."

"ரூல்ஸ்னா ரூல்ஸ்!" என்று வாண்டு அடித்தொண்டையில் கத்தினாள். கத்திய வேகத்தில் பல் தெறித்து, நேராக டீயில் போய் விழுந்தது.

வாண்டின் நாக்கு பல்லைத் தேடிப் போய், பள்ளத்தில் நின்றது. உதடு பிதுங்கியது.

"நீதானே எடுக்கறேன்னு சொன்னே..."

ஷட்டரம்மா சூடு பார்க்காமல் டீக்குள் இரண்டு விரலை விட்டுத் துழாவினாள். பதினோரு வருடமாக ஒருத்தரையும் குறுக்கே விடாதவள், இன்றைக்கு வந்தவன் போனவனையெல்லாம் உள்ளே விட்டு, வரிசையில் நின்ற ஒரே ஜீவனைக் காக்க வைத்திருக்கிறாள். நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

"பாருடி, நான்தான் எடுத்தேன்."

"டீயிலேருந்து எடுத்தே. வாயிலேருந்து இல்ல."

வாண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே போய், இன்னொரு நாட்காட்டித் தாளைக் கிழித்து, 1 என்று எழுதி அம்மா கையில் திணித்தாள்.

"அடுத்த பல்லுக்கு. நான் கூப்பிடுவேன். அதுவரைக்கும் இங்க உக்காரு."

"அது எப்படி ஆடும்? இன்னும் நாளாகுமே?"

"தெரியாது. உக்காரு."

ஷட்டரம்மா சோபா நுனியில் உட்கார்ந்தாள். வாண்டு அவளை ஒட்டி உட்கார்ந்து, பக்கத்துப் பல்லை விரலால் அசைத்துப் பார்த்தாள். கல் மாதிரி நின்றது.

உள்ளேயிருந்து பெரியவன் கத்தினான். "அம்மா! பசை எங்கம்மா? சீக்கிரம் வா!"

"வரமுடியாதுடா" என்றாள் ஷட்டரம்மா. "நான் வரிசையில இருக்கேன்."