லூர்து தண்ணியும் பிரேக் இல்லாத வண்டியும்

ஞாயிற்றுக்கிழமை என்றால் மனுஷன் பூசைக்குப் போவான், இல்லையென்றால் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவான். பேதுருவுக்கு அந்த வருஷம் இரண்டுக்கும் கொடுப்பினை இல்லை. ஏப்ரலில் பிடித்த சனியன் செப்டம்பர் வரை விடவில்லை. யாரைக் குறை சொல்ல? வேலியில் போன ஓணானை எடுத்துக் காதில் விட்டுக்கொண்டவர் அவரேதான். "நீ ஓட்டுடா, சீசன் முழுக்க நான் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று மகனுக்கு வாக்குக் கொடுத்தது அவருடைய சொந்த வாய்.

மகன் அந்துவானுக்குப் பதினாறு வயது. பக்கத்து ஊர் ஆர்ஜொந்தெய்யில் இருந்த பள்ளிக்கூடச் சிநேகிதன் ஒருத்தன் இழுத்துப்போய் ஒரு சங்கத்தில் சேர்த்துவிட, இளையோர் லீக்கில் ஸ்பீட்வே என்ற மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்ட ஆரம்பித்தான். மண்ணில் போட்ட வட்டப் பாதை. ஒரு ஆட்டத்துக்கு நாலு பேர், நாலு சுற்று. திரும்புவதெல்லாம் இடது பக்கம்தான். வண்டிக்குப் பிரேக் கிடையாது. இதைக் கேள்விப்பட்ட அன்றைக்கு அவன் அம்மா சவரியம்மாள் சமைத்துக்கொண்டிருந்த அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"பிரேக் இல்லாத வண்டியக் கண்டுபிடிச்சவனுக்குப் பெத்த தாய் இல்லியா?" என்று கேட்டாள்.

பையன் சிரித்தான். பேதுருவும் சிரித்தார். அப்போது அவருக்குச் சிரிக்கத் தெம்பு இருந்தது.

அவருக்குப் பிரெஞ்சுத் தபால் நிலையத்தில் தபால் பிரிக்கும் வேலை, சனிக்கிழமை ராத்திரி முறை. விடிந்து வந்து ஒரு கோப்பை காப்பியைக் குடித்துவிட்டு ரூ பஜோல் தெரு முனைக்கு நடப்பார். அங்கே காய்கறிக் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்து இராஜேந்திரன்தான் வான் கொடுத்தவர். ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சரக்கெடுக்கும் வேலை இல்லை. வானில் எத்தனை கழுவினாலும் போகாத கருவாட்டு வாசம்.

"ஓம் அண்ணை, கொண்டுபோங்கோ. வான் இஞ்சை சும்மாதானே நிக்குது" என்று சாவியைக் கொடுப்பார் இராஜேந்திரன். "ஆனா உங்கடை முகத்தைப் பாத்தா, பொடியன் இல்லை, நீங்கள்தான் நாலு சுத்து ஓடின மாதிரிக் கிடக்கு."

கேலி இல்லை, உண்மைதான். ஓட்டிக்கொண்டு போவது அவர், வண்டியை இறக்குவது அவர், எரிபொருள் ஊற்றுவது அவர். அந்த வண்டி பெட்ரோலில் ஓடாது, மெதனாலில் ஓடும். அதில் ஒரு சொட்டு வேறு எதுவும் கலக்கக் கூடாது, கலந்தால் ஆட்டம் செல்லாது. முதல் நாளே சங்கத்துக்காரர்கள் அவரை நிற்க வைத்துச் சொன்ன விதி இது. சவரியம்மாளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளிடம் எதற்குச் சொல்ல? அவள்தான் ஆட்டம் முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலை உருட்டுகிறவளாயிற்றே.

அவளுக்கு இருந்த வேலை வேறு. கோயில் ஆட்களோடு பஸ்ஸில் லூர்துக்குப் போனபோது மாதா ஊற்றுத் தண்ணீர் நிரப்பி வாங்கிவந்த பிளாஸ்டிக் போத்தல் ஒன்று, மாதா உருவத்தில், தலையில் நீலக் கிரீடம்தான் மூடி. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் கிரீடத்தைத் திருகி, முன் சக்கரத்தில் நாலு சொட்டுத் தெளித்துவிடுவாள். மற்ற பையன்களின் அப்பாமார் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டுமே என்று அவள் பாட்டுக்குத் தெளிப்பாள்.

ஏப்ரலில் அந்துவான் கடைசி. மே மாதம் மழையில் விழுந்து தோள்பட்டை நீலம் பாரித்துப் போனது. ஜூனில் வண்டி கிளம்பவே மாட்டேன் என்றது. வீட்டுக் குளியல் தொட்டி முழுக்கச் செம்மண், சவரியம்மாள் தேய்த்துத் தேய்த்துக் கை கன்றிப்போனாள். ஜூலையில்தான் பையனுக்கு வித்தை பிடிபட்டது. வளைவில் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு, வண்டியைக் குறுக்காகச் சாய்த்து, இடது கால் இரும்புச் செருப்பைத் தரையில் இழுத்துக்கொண்டு போனான். ஒவ்வொரு படியாக ஏறி, செப்டம்பரில் மூன்றாம் இடத்துக்கு வந்துவிட்டான்.

சீசன் முடிவில் முதல் இரண்டு இடத்தில் வருகிறவனுக்கு அடுத்த வருஷம் பெரியவர்கள் அணியில் இடம். மற்றவர்களுக்குக் கும்பிடு. அந்துவானுக்கு வயது தாண்டிவிடும், இளையோர் லீக்கில் மறுபடி ஓட முடியாது.

"பெரிய டீமுக்குப் போனா நீங்க வருவீங்கதானே பப்பா?" என்று ஒருநாள் வானில் கேட்டான். பிரெஞ்சில்தான் கேட்டான், அவன் வீட்டில் பேசுவதே பிரெஞ்சுதான்.

"வராம?" என்றார் பேதுரு.

வாய் சொன்னது அப்படி. உள்ளே இன்னொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இவன் மூன்றாவதாகவே நின்றுவிட்டால் இதோடு விட்டது. பையன் ஜெயிக்கவும் வேண்டும், இந்த அலைச்சல் ஒழியவும் வேண்டும். இரண்டையும் ஒரே மாதாவிடம் கேட்க அவருக்கு வெட்கமாக இருந்தது, அதனால் ஒன்றுமே கேட்காமல் விட்டுவிட்டார்.

கடைசி ஞாயிறு. கடைசி ஆட்டத்தில் அந்துவான் முதலாவதாக வந்தால் இரண்டாம் இடம் கிடைத்துவிடும். பேதுரு டாங்கியை நிரப்பி மூடிவிட்டு, கூப்பிடுகிறவரைக்கும் என்று வானுக்குள் போய்ச் சாய்ந்தார். சாய்ந்ததுதான் தெரியும்.

ஒலிபெருக்கிச் சத்தத்தில் எழுந்து ஓடினார். குறுக்கே கட்டிய நாடா மேலே போனதும் நாலு வண்டியும் பாய்ந்தன. முதல் வளைவில் அந்துவான் மூன்றாவது. இரண்டாம் சுற்றில் உள்பக்கமாக நுழைந்து ஒருத்தனைத் தாண்டினான். கடைசிச் சுற்றில் முன்னால் போனவன் கொஞ்சம் அகலமாகத் திரும்ப, அந்த இடைவெளியில் புகுந்து வெளியே வந்தான். பெற்றவனுக்கு வேறு என்ன வேண்டும்? "ஜெயிச்சிட்டாண்டி, கண்ணைத் திற" என்று சவரியம்மாளை உலுக்கினார். உலுக்கிக்கொண்டிருக்கும்போதே, இன்னொரு வருஷம் என்ற நினைப்பு வந்து தோளில் உட்கார்ந்தது.

ஜெயித்தவன் வண்டியின் எரிபொருளைச் சோதிப்பது வழக்கம். அதிகாரி ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் பிடித்து, அதில் மிதவையைப் போட்டார். பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடியும் போட்டார்.

"இதில் தண்ணீர் கலந்திருக்கிறது, மிசியே."

"இருக்காது. நான்தான் ஊத்தினேன்" என்றார் பேதுரு.

சவரியம்மாள் கைப்பையைத் திறந்து மாதா போத்தலை எடுத்தாள். பாதி காலி.

"என்னங்க, நான்தான். நீங்க தூங்கினப்போ டாங்கியில ஊத்தினேன்" என்றாள். "சக்கரத்துல தெளிச்சா சக்கரத்துக்குத்தானே காவல், இஞ்சினுக்கு யாரு இருக்கான்னு தோணிச்சு. மாதா தண்ணிங்க, அது என்னா பண்ணும்?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை, வேதக்காரர் வீட்டிலும் நடக்கும். அவள் செய்ததைப் பிரெஞ்சில் சொல்லி முடிப்பதற்குள் பேதுருவுக்கு வியர்த்துவிட்டது. அதிகாரி சிரிக்கவில்லை. போத்தலை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "என் அம்மாவிடமும் இதே போத்தல் இருக்கிறது, மதாம். ஆனால் தண்ணீர், தண்ணீர்தான்."

ஆட்டம் செல்லாது என்றார்கள். அந்துவான் மூன்றாம் இடத்தில்கூட நிற்கவில்லை, நாலாவதுக்கு இறங்கிவிட்டான்.

அந்த நிமிஷத்தில் பேதுருவின் மார்புக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. துக்கத்தின் மூச்சு அல்ல. ஆறு மாதமாகத் தூக்கிப் பிடித்திருந்த தோள் இரண்டும் தானாக இறங்கின. அப்பாடா, முடிந்தது. அவர் வேண்டுமென்று விட்ட மூச்சா அது? வந்துவிட்டது, அவ்வளவுதான். நிமிர்ந்தபோது அந்துவான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும் வழியெல்லாம் சவரியம்மாள் அழுதாள். "சே பா க்ராவ், மம்மா" என்று பையன் அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தான். ஒன்றுமில்லை, விடு என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அப்பா பக்கம் திரும்பவே இல்லை. ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையம் வந்து, தலைக்கு மேல் மெட்ரோ போகும் பாலத்தடியில் வண்டி ஊர்ந்து, வீட்டு வாசலில் நின்றது. சவரியம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டே முன்னால் படியேறினாள்.

சாமான்களை இறக்கும்போது அந்துவான் பேசினான். தமிழில் பேசினான். அவனுக்குத் தமிழ் நிறுத்தி நிறுத்தித்தான் வரும்.

"இனிமே ஞாயித்துக்கிழமை நல்லாத் தூங்கலாம் பப்பா."

பேதுருவுக்குப் பொய் சொல்லத்தான் ஆசை. அதற்கும் தெம்பு வேண்டுமே. "களைச்சுப் போயிட்டேன்டா" என்றார்.

"தெரியும்." பையன் கையுறையைக் கழற்றித் தலைக்கவசத்துக்குள் போட்டான். "மே மாசமே சொல்லியிருந்தா, நானே நிறுத்தியிருப்பேனே."

பேதுரு வான் கதவைப் பிடித்தபடி நின்றார். சாவியை இராஜேந்திரனிடம் கொடுக்க வேண்டும், விடிந்தால் அவருக்குச் சரக்கெடுக்கப் போக வான் வேண்டும். அந்துவான் இரும்புச் செருப்பையும் எடுத்துக்கொண்டு, அம்மாவுக்குப் பின்னால் மாடிக்குப் போய்விட்டான்.