கனம் குறைந்த லைப்ரரி

ரத்தம் கொடுப்பவர்களின் படங்கள் செங்கல் சுவர் மாதிரி அழகாக அடுக்கடுக்காக நிற்க வேண்டும் என்று, வடக்குத்து ஊர் கான்ட்ராக்ட் தொழிலாளர்களுக்காகச் செய்த ரத்ததான இணையப் பக்கத்தில் ஒரு தடிமாட்டு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை, அதாவது யாரோ எழுதி வைத்த ஆயத்த நிரல் மூட்டையை, ஏற்றிவிட்டான் சுபாஷ். அவனுடைய புது லேப்டாப்பில் அது பறந்தது. விபத்தில் அடிபட்ட கணவனுக்கு ரத்தம் தேடிய வளர்மதியின் பழைய போனில் வெறும் வெள்ளைத் திரையாக நின்றது. அன்று மாலையே அந்தக் கணவர் இறந்துபோனார்.

"என் பக்கத்தாலயா?" என்று தான் குடியிருக்கும் டவுன்ஷிப்பில் சுபாஷ் கேட்காத ஆளில்லை. "விதிப்பா" என்று டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஊருக்கே யோசனை சொல்லும் கணினி மேதை டீயையும் குடித்துவிட்டு அழுதான்.

பிறகு பேர்போன லைப்ரரிகளை எல்லாம் ஒதுக்கி, படங்களை அடுக்குவதைத் தவிர வேறு வித்தை தெரியாத சின்னஞ்சிறு லைப்ரரி ஒன்றைத் தேடிப் பிடித்தான். அதைப் போட்டு, வளர்மதி வீட்டுக்குப் போய் அதே போனில் திறக்கச் சொன்னான். தொட்டதும் முகங்களும் நம்பர்களும் வந்து நின்றன.

"அக்கா, அன்னைக்கே இப்படித் தொறந்திருந்தா?"

வளர்மதி திரையை மெல்லத் தள்ளி ஒரு முகத்தில் நிறுத்தினாள்.

"இவரும் அதே குரூப்பு. பக்கத்து பிளாக்குலதான் இருக்காரு. நான் ரோட்டுல போறவங்களைக் கேட்டுக்கினு நின்னேன். இது தொறந்திருந்தா எங்கூட்டுக்காரரு பொழைச்சிருப்பாரு, தம்பி."