கிம்பர்லியில் எனக்கு வந்த முதுகுவலி

தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டனில் எங்கள் மாகாண கிரிக்கெட் அணிக்குப் பதினோரு வருடம் தொடக்க ஆட்டக்காரனாக ஆடினேன். நாட்டு அணிக்கு ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. நான் கூசிப்போவது ஒரே ஒரு காலையை நினைத்துத்தான்.

கிம்பர்லியில் ஆட்டம். முந்தின நாள் எதிரணியின் வேகப்பந்து வீச்சாளன் வான் டோண்டர் வீசிய பந்தில் எங்கள் கேப்டனுக்குத் தாடை உடைந்தது. இரண்டு பற்களை ஆடுகளத்திலிருந்து பொறுக்கி எடுத்தார்கள். மறுநாள் காலை இரண்டாம் இன்னிங்ஸின் முதல் பந்தை நான் ஆடவேண்டும். கோச்சிடம் போய், "முதுகு பிடிச்சுக்கிச்சு, நிமிர முடியல" என்றேன்.

எங்கள் அணியின் பிசியோவான லாட்டகன் அம்மா என்னைக் குப்புறப் படுக்கவைத்து வெகுநேரம் அழுத்திப் பார்த்தார். பிறகு கோச்சிடம், "வலிக்குதுன்னு சொல்றாரு" என்றார்.

எனக்குப் பதிலாக ஏழாவதாக இறங்கும் அயபுலேலாவை அனுப்பினார்கள். இருபத்திரண்டு வயது, ஈஸ்ட் லண்டனை ஒட்டிய ம்டன்ட்சானேயில் எங்கள் பக்கத்துத் தெரு. அவசரத்தில் அவன் கால்காப்பின் வார் மாட்டவில்லை. நான் சட்டென்று குனிந்து மாட்டிவிட்டேன்.

"அண்ணே, முதுகு?" என்றான் மெதுவாக.

என் கை அப்படியே நின்றது. அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

மூன்றாவது ஓவரிலேயே வலது கையில் அடி. தண்ணீர் கொண்டுபோனேன். கையுறையைக் கழற்றியிருந்தான், விரல் கறுத்து வீங்கியிருந்தது.

"வெளிய வந்துடுடா."

"நான் வந்தா யாருண்ணே போவா? நீங்களா?"

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டான். நான் காலிப் பாட்டிலை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

நாற்பத்தொரு ரன் எடுத்தான். விரலில் இரண்டு இடத்தில் முறிவு. அதன்பின் அது மடங்கவே இல்லை. இரண்டு பருவம் தட்டுத்தடுமாறிவிட்டு, கார் தொழிற்சாலை வேலைக்குப் போனான். நான் மேலும் ஆறு வருடம் ஆடினேன்.

என் பிரிவுபசார விருந்தில், "எந்தப் பந்துக்கும் பின்வாங்காதவர்" என்று ஒருவர் பேசினார். அயபுலேலாவும் கைதட்டினான். என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

அடுத்த ஞாயிறு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி நோசிபிவோ குடல்கறியும் சோளக்குருணையும் பரிமாறினாள். சாப்பாட்டுக்கு நடுவே சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு எனக்கு முதுகுவலி இல்லடா. பயந்துட்டேன்."

"தெரியும்ணே" என்றான் அவன், தட்டைப் பார்த்தபடி.

நோசிபிவோ கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியாது. குளிர் வந்தா ராத்திரியெல்லாம் அந்த விரலுக்கு ஒத்தடம் கொடுக்கறவ நான். என்கிட்ட இதைச் சொல்லவே இல்ல."

அவள் எழுந்து உள்ளே போனாள்.

"ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா உங்களுக்கு இந்த வீட்ல சாப்பாடு கிடைச்சிருக்குமா? சாப்பிடுங்க."

மிச்சத்தை விழுங்கினேன். வாசல்வரை அவன் மட்டும் வந்தான்.

"அடுத்த ஞாயிறு வேணாம்ணே. அதுக்கடுத்தது வாங்க. அவ கோவம் ஆறியிருக்காது, ஆனா வாங்க."

போனேன். நோசிபிவோதான் கதவைத் திறந்தாள். ஒதுங்கி வழிவிட்டாள்.